ஜப்பானிய மொழியில் குணத்தையும் மனநிலையையும் இயல்பாகச் சொல்வது எப்படி?

கேள்வி:

ஜப்பானிய மொழியை இரண்டு ஆண்டுகளாகக் கற்று வருகிறேன். இலக்கணம் ஓரளவு கைவந்துவிட்டாலும், ஒருவருடைய சுபாவத்தைப் பற்றியோ என் மனநிலையைப் பற்றியோ பேச வாயெடுத்தால் தவறிவிடுகிறேன். மனம் சரியில்லாத ஒரு நாளில் வகுப்பில் "கிபுன் க வருய்" என்றேன். எனக்குக் குமட்டுகிறதோ என்று பதறிய ஆசிரியர் என்னைப் படுத்துக்கொள்ளச் சொன்னார். தோழியைப் பற்றிய கட்டுரையில் "அவளுக்குத் தனிமையாக இருக்கிறது" என்று எண்ணி நான் எழுதிய "கனொஜொ வ சமிஷீ தெஸு" என்ற வாக்கியத்தையும் அவர் அடித்துவிட்டார். முன்கோபி, மறதிக்காரர், மனம் சரியில்லை என்று நாம் எளிதாகச் சொல்வனவற்றை அங்கே எப்படிச் சொல்கிறார்கள்?

முதல் மறுமொழி:

"கிபுன்" என்ற சொல் மனநிலையையும் உடல்நிலையையும் சேர்த்தே குறிப்பதால், அது "வருய்" (கெட்டது) என்பதோடு சேரும்போது கேட்பவருக்கு முதலில் உடல்நலக் குறைவுதான் தோன்றும். சோர்ந்த மனநிலையைச் சொல்ல "ஒச்சிகொன்தெ இரு" என்பது பொருத்தமானது. "கிகென்" என்பது வேறு. அது பெரும்பாலும் பிறரைப் பார்த்துச் சொல்லப்படுவது. தந்தை இன்று நல்ல மனநிலையில் இருக்கிறார் என்றால் "கிகென் க ஈ" என்பார்கள். நேரத்துக்கு நேரம் மனநிலை மாறுகிறவருக்குக் "கிபுன்யா" என்று பெயர். வானிலையைப் போல மாறுகிறவர் என்ற பொருளில் "ஒதென்கியா" என்றும் சொல்வதுண்டு.

இரண்டாம் மறுமொழி:

சொல்ல வருவது நிலையான குணமா, அடிக்கடி நேர்வதா, இப்போது மட்டும் இருப்பதா என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். தமிழில் "மறதி அதிகம்" என்ற ஒரே தொடர் முதல் இரண்டுக்கும் போதும். ஜப்பானியத்தில் விகுதியே மாறிவிடும். "வசுரெப்பொய்" என்றால் அவர் இயல்பிலேயே மறதிக்காரர். "வசுரெகச்சி" என்றால் மறப்பது அடிக்கடி நேர்கிறது என்று பொருள். வேலை மிகுந்தால் யாரும் அப்படி ஆகலாம். முன்கோபிக்கு "ஒகொரிப்பொய்" என்பதே இயல்பானது. "உள்ளம் குறுகியது" என்பதுபோல் அமைந்த "கி க மிஜிகய்" என்ற மரபுத்தொடரும் உண்டு. "கச்சி" விரும்பத்தகாதவற்றையே பெரும்பாலும் நாடுவதால், அடிக்கடி மகிழ்பவரை அதைக் கொண்டு சொல்ல முடியாது. "கிமி" என்ற விகுதியோ இப்போது லேசாகத் தென்படுவதை மட்டும் காட்டும். "கஸெகிமி" என்றால் லேசாகச் சளி பிடித்தாற்போல் இருக்கிறது, "கின்சோகிமி" என்றால் சற்றே பதற்றமாக இருக்கிறது.

விரும்பத்தகாத ஒரு போக்கு இருக்கிறது என்ற பொருளில் "கிரய் க அரு" என்ற தொடரைப் பாடநூலில் காண்பீர்கள். அது எழுத்து வழக்குக்கு உரியது, குறைகூறும் தொனியும் கொண்டது, பேச்சில் வேண்டாம்.

மூன்றாம் மறுமொழி:

தோழியைப் பற்றிய வாக்கியம் ஏன் அடிபட்டது என்பதை யாரும் இன்னும் தொடவில்லை. தமிழராகிய நாம் இடறும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். "அவளுக்குப் பயமாக இருக்கிறது" என்று நாம் தயங்காமல் சொல்லிவிடுகிறோம். ஜப்பானியத்தில் "சமிஷீ" போன்ற உணர்ச்சிச் சொற்களை நேரடியாக முடிபாக வைக்கும் உரிமை அந்த உணர்ச்சியை உடையவருக்கே உண்டு. பிறர் மனத்துக்குள் நாம் புகுந்து பார்க்க முடியாது என்ற எண்ணம் இலக்கணமாகவே ஆகியிருக்கிறது. கதைசொல்லிக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு. ஆகவே "சமிஷிசோ தெஸு" (தனிமையில் வாடுவதாகத் தெரிகிறது) என்றோ, வெளிப்படும் நடத்தையைச் சுட்டும் "சமிஷிகத்தெ இரு" என்றோ எழுத வேண்டும். இங்கே "கத்தெ" என்று உருமாறி வந்திருக்கும் "கரு" விகுதி, "பயப்படு", "வெட்கப்படு" என்பவற்றில் வரும் நம் "படு"வை நினைவூட்டும்; ஆனால் "நான் பயப்படுகிறேன்" என்பதுபோல் அதைத் தன்மையில் இயல்பாகப் பயன்படுத்த முடியாது. மேலதிகாரியைப் பற்றி அப்படிச் சொல்வது மரியாதைக் குறைவு. எப்போதும் தனிமைக்கு அஞ்சும் குணத்துக்குச் "சமிஷிகரியா" என்ற பெயர்ச்சொல் இருக்கிறது.

தம்மைப் பற்றிச் சொல்லும்போது "ஹோ" சேர்த்தால் பேச்சு மென்மையாகும். "தன்கி ந ஹோ தெஸு" என்றால், பொதுவாகப் பார்த்தால் நான் சற்று முன்கோபிதான் என்று பொருள்படும்.

கேள்வி கேட்டவர்:

மிக்க நன்றி. "தொமொதச்சி வ சமிஷிகரியா தெஸு. கினோ மொ சமிஷிசோ தெஷித" என்று திருத்தி எழுதியிருக்கிறேன். தோழி தனிமைக்கு அஞ்சும் குணமுடையவள், நேற்றும் தனிமையில் வாடுவதாகத் தெரிந்தது என்பது நான் கருதிய பொருள். இது சரிதானா?

மூன்றாம் மறுமொழி அளித்தவர்:

சரி. முதல் வாக்கியம் குணம், இரண்டாவது நீங்கள் கண்ட ஒரு நாளின் நிலை; இரண்டும் தத்தம் இடத்தில் அமைந்திருக்கின்றன.