தென்யுக் பதவி விலகியபோது நான் சிம்ஃபெரோபோலில் இருந்தேன்

உக்ரைன் கடற்படைத் தளபதியாக இருந்து அரசியலுக்குப் போன இகோர் தென்யுக்கைப் பற்றிப் பேச்சு வந்தால், ‘கிரிமியாவைக் கைவிட்டவர்’ என்று பலரும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். 2014இல் ரஷ்யா கிரிமியாவைக் கைப்பற்றியபோது அவர்தான் உக்ரைனின் பாதுகாப்பு அமைச்சர். நான் அப்போது கிரிமியாவின் சிம்ஃபெரோபோல் நகரில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தேன். அவரை நேரில் பார்த்ததில்லை. அவருடைய உத்தரவுக்காகக் காத்துக் கிடந்த குடும்பம் ஒன்றோடு இருந்தேன்.

நான் குடியிருந்த வீட்டுக்கார அம்மாவின் மகன் கிரிமியாவின் தோனுஸ்லாவ் ஏரியிலிருந்த உக்ரைன் கடற்படைத் தளத்தில் மாலுமி. மார்ச் முதல் வாரத்தில் ரஷ்யர்கள் ‘ஓச்சாகோவ்’ என்ற பழைய போர்க்கப்பலை ஏரியின் முகத்துவாரத்தில் மூழ்கடித்து வழியை அடைத்துவிட்டார்கள். உள்ளே நின்ற உக்ரைன் கப்பல்களால் கடலுக்கு வர முடியவில்லை. அந்த அம்மா தினமும் தொலைபேசியில் மகனிடம் கேட்டது ஒன்றுதான்: “கியேவிலிருந்து என்ன சொன்னார்கள்?” சுடலாமா, கூடாதா, கப்பலை விட்டு இறங்க வேண்டுமா? எதற்கும் தெளிவான பதில் அவனுக்கு வரவில்லை. படைகளைக் கிரிமியாவிலிருந்து திரும்ப அழைக்கும் முடிவு மார்ச் 24ஆம் தேதிதான் அறிவிக்கப்பட்டது. மறுநாள் தென்யுக் பதவி விலகினார். முதல் வாக்கெடுப்பில் அதை ஏற்க மறுத்த நாடாளுமன்றம், பிறகு ஏற்றுக்கொண்டது. உக்ரைன் கொடியோடு அங்கே எஞ்சி நின்ற ‘செர்காசி’ என்ற, கடற்கண்ணிகளை அகற்றும் கப்பலும் அன்று மாலையே பிடிபட்டது. அந்தத் தாய்க்கு வந்த கோபம் எனக்கு இன்றும் நியாயமாகவே படுகிறது.

மறுமொழி:

தம்பி, நான் சரக்குக் கப்பலில் என்ஜினியர். ஒடெசா துறைமுகத்தில் எனக்குப் பழக்கமான பழுதுபார்ப்பு மேற்பார்வையாளர் ஒருவர், கிரிமியாவின் செவஸ்தபோல் துறைமுகத்தில் தென்யுக்கின் கீழ் பணியாற்றியவர். அவரிடம் கேட்ட பிறகு என் எண்ணம் மாறியது.

தென்யுக் மேற்கு உக்ரைனின் ஸ்ட்ரிய் ஊர்க்காரர். லெனின்கிராடில் படித்த சோவியத் கடற்படை அதிகாரி. 2006இல் உக்ரைன் கடற்படைக்குத் தளபதியானார். ரஷ்யாவின் கருங்கடல் படை நின்ற அதே செவஸ்தபோலில்தான் அவருடைய தலைமையகமும் இருந்தது. 2008இல் ஜார்ஜியப் போருக்கு ரஷ்யக் கப்பல்கள் அங்கிருந்து புறப்பட்டன. எல்லையைக் கடக்கும் முன் அறிவிக்க வேண்டும் என்று உக்ரைன் அதிபர் யுஷ்சென்கோ ஆணையிட்டார், ரஷ்யா மதிக்கவில்லை. 2010 மார்ச்சில், ரஷ்யச் சார்புடைய யானுகோவிச் அதிபரானதும், தென்யுக் நீக்கப்பட்டார். அடுத்த மாதமே ரஷ்யப் படை 2042 வரை அங்கே தங்க ஒப்பந்தம் கையெழுத்தானது. இதையெல்லாம் செய்தவர்களை விட்டுவிட்டு இவரை மட்டும் திட்டுவது எப்படி?

யானுகோவிச் ஆட்சியைக் கவிழ்த்த கியேவ் மைதான் போராட்டத்தில் நின்று, ஸ்வோபோதா என்ற தேசியவாதக் கட்சியின் சார்பில் 2014 பிப்ரவரி 27 அன்று பாதுகாப்பு அமைச்சர் பொறுப்புக்கு வந்தார். மறுநாள் நடந்த உக்ரைன் தேசியப் பாதுகாப்பு மன்றக் கூட்டத்தின் பதிவு 2016இல் வெளியானது. நாடு முழுவதும் திரட்டினாலும் சண்டையிடத் தகுதியுள்ளவர்கள் சுமார் 5,000 பேர்தான் என்று அங்கே வெளிப்படையாகச் சொன்னவர் அவர்தான். மார்ச் 1இல் கடற்படைத் தளபதியாக நியமிக்கப்பட்ட பெரெசோவ்ஸ்கி, மறுநாளே எதிர்ப்பக்கம் சேர்ந்துவிட்டார். முதன்மைக் கப்பலான ‘ஹெட்மன் சஹாய்தாச்னி’ கொள்ளையர்களைத் தடுக்க ஏடன் வளைகுடாப் பக்கம் போயிருந்தது. நாங்கள் அச்சத்தோடு கடந்துபோகும் கடல் அது. அங்கே காவல் நின்றவர்கள் மீது எனக்குத் தனி நன்றி உண்டு. மார்ச் 5இல்தான் அது ஒடெசாவுக்குத் திரும்பியது.

மறுமொழி:

அண்ணா, 2010இல் நடந்தது இத்தனை விவரமாக எனக்குத் தெரியாது. கிரிமியாவை அவர் விற்றுவிட்டார் என்று இனி யாராவது சொன்னால் நானும் மறுப்பேன். ஆனால் படை இல்லை என்பது பிப்ரவரி 28இலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது. ‘கப்பலைச் செயலிழக்கச் செய்துவிட்டு வெளியேறுங்கள்’ என்றோ, ‘கடைசிவரை நில்லுங்கள்’ என்றோ சொல்வதற்குப் படை தேவையில்லையே. 2022இல் மிகோலயிவ் துறைமுகத்தில், எதிரி கைக்குப் போய்விடக் கூடாது என்று அதே சஹாய்தாச்னியை உக்ரைனியர்களே மூழ்கடித்தார்கள். தோனுஸ்லாவ் மாலுமிகளுக்கு அப்படி ஒரு முடிவைக்கூட யாரும் சொல்லவில்லை.