அரிசி ஆலையில் மூணு அறைக்கும் விரல்ரேகைப் பூட்டு தேவையா?

வெட்டாறு:
மன்னார்குடிப் பக்கம் ஒரு நவீன அரிசி ஆலை. பூட்ட வேண்டியது மூணு அறை: கேமரா ரெக்கார்டர் அறை, கணக்கும் பணப்பெட்டியும் உள்ள அறை, மூட்டைக்குப் புகை போடுற அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைக்கிற அறை. உள்ளே போகிறவங்க மொத்தம் 9 பேர். மூணுக்கும் விரல்ரேகை ரீடர், 600 பவுண்டு இழுவையைத் தாங்குற காந்தப் பூட்டு (கரண்ட் இருக்கிற வரைக்கும் கதவைப் பிடிச்சிருக்கிற மின்காந்தம்)னு ஒரே விலைப்புள்ளி வந்திருக்கு. சாவியும், உள்ளே போறவங்க கையெழுத்துப் போடுற நோட்டும் போதும்கிறார் முதலாளி. எது சரி?

குடமுருட்டி:
போடுங்க. சாவிக்கு நகல் எடுக்கப் பத்து நிமிஷம் போதும். எடுத்தது யாருன்னு பூட்டுக்குத் தெரியாது. ஒருத்தர் வேலையை விட்டுப் போனா, பட்டியல்ல அவர் பேரை அழிச்சா வேலை முடிஞ்சது. நோட்டுல கையெழுத்து சாயங்காலம் மொத்தமா விழும், அது எல்லா ஆலையிலும் நடக்கிறதுதான்.

அரசலாறு:
ஆலைக்காரங்க விரல் எப்படி இருக்கும்னு யோசிச்சீங்களா? சாக்கு உரசி ரேகை தேஞ்சிருக்கும், மேலே தவிட்டுத் தூசி. ரேஷன் கடையில விரலைத் துடைச்சுத் துடைச்சு வைக்கிறவங்களைப் பார்த்தாலே தெரியும். நாலு தடவை வச்சும் விழலைன்னா அடுத்து நடக்கிறது ரெண்டு. ஒண்ணு, பொருத்தத்தோட அளவைக் குறைச்சு வைப்பாங்க. அப்போ வேற ஆள் விரலுக்கும் திறக்கிற வாய்ப்பு கூடும். இன்னொண்ணு, கதவுக்குச் செங்கல் முட்டுக் கொடுப்பாங்க.

குடமுருட்டி:
பதியற முறை தப்பானாத்தான் அந்தப் பாடு. ஆளுக்கு ரெண்டு கையிலயும் சேர்த்து மூணு விரல் பதியணும். கை கழுவித் துடைச்சுப் பதிஞ்சுட்டு, ஷிப்ட் முடியற நேரத்துல அதே கையோட சோதிக்கணும். வெற்றிலை போடுறவங்களுக்கு வலது ஆள்காட்டி விரலை விட்டுடுங்க. சுண்ணாம்பு அதுலதான் இருக்கும், கண்ணாடியில அப்பிக்கும். இடது நடுவிரல் நல்லா விழும். அப்படியும் விழாதவங்களுக்கு அட்டையும் ரகசிய எண்ணும் சேர்த்துக் கொடுங்க. செங்கலுக்கு மருந்து கதவுச் சென்சார்: 30 வினாடிக்கு மேல திறந்திருந்தா கத்தணும்.

வெண்ணாறு:
விரலைப் பத்தியே பேசிட்டிருக்கீங்க. திருடன் விரலுக்கு வரமாட்டான், ரீடருக்கு வருவான். மலிவான ரீடர்ல ரிலே, அதாவது பூட்டுக்குக் கரண்டைக் கொடுத்து நிறுத்துற சுவிட்ச், அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கும், பெட்டி இருக்கிறது வெளிச்சுவர்ல. நாலு திருகைக் கழட்டினா பூட்டுக்குப் போற ரெண்டு வயர் கையில. காந்தப் பூட்டுன்னா ஒண்ணை அறுத்தாலே கரண்ட் போய்க் கதவு விட்டுடும். கரண்ட் கொடுத்தா திறக்கிற வகையில ரெண்டையும் சேர்த்துத் தொட்டா திறக்கும். அதனால வெளியே ரீடர் மட்டும், திறக்கலாமான்னு முடிவு பண்ற கன்ட்ரோலரும் ரிலேவும் அறைக்குள்ளே. விலைப்புள்ளியில முதல்ல பார்க்க வேண்டிய வரி இதுதான்.

அடுத்தது கரண்ட். காந்தப் பூட்டுக்கு 12 வோல்ட்ல அரை ஆம்பியர் வேணும், ரீடருக்கும் கன்ட்ரோலருக்கும் இன்னொரு கால். 7 ஆம்பியர்-அவர் பேட்டரி கணக்குக்கு 9 மணி நேரம். நிஜத்துல 6, பேட்டரி பழசானா அதுலயும் பாதி. 2018 நவம்பர்ல கஜா அடிச்சப்போ திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் நாள் கணக்கா கரண்ட் இல்லை. அந்த மாதிரி நேரத்துல காந்தப் பூட்டு போட்ட பணப்பெட்டி அறை திறந்த வீடு.

அரசலாறு:
அதைத்தான் நானும் சொல்றேன். சாவிப் பூட்டுக்குப் புயல் தெரியாது.

வெண்ணாறு:
கரண்ட் போனாலும் பூட்டியே நிற்கிற மின் ஸ்டிரைக்குக்கும், அதாவது நிலைச்சட்டத்துல இருந்து பூட்டு நாக்கைப் பிடிச்சிருக்கிற கொக்கிக்கும், தெரியாது. திறக்கிற நொடி மட்டும்தான் அதுக்குக் கரண்ட். உள்பக்கம் கைப்பிடியைத் திருப்பினா எப்பவும் திறக்கணும், அதுல விட்டுக்கொடுக்கக் கூடாது. வெளிப்பக்கம் அவசரச் சாவி ஒண்ணு வரும். அந்தச் சிலிண்டர் மட்டமா இருந்தா மேலே எத்தனை விரல்ரேகை போட்டும் பிரயோஜனம் இல்லை. மரக்கதவுன்னா இன்னொரு வம்பு: ஐப்பசி, கார்த்திகையில உப்பி நாக்கு துளையில உட்காராது. ரெண்டு மில்லி இடைவெளி விட்டுப் பொருத்துங்க, இல்லைன்னா இரும்புச் சட்டக் கதவு.

எந்த வகையா இருந்தாலும் பூட்டோட ரெண்டு முனைக்கும் குறுக்கே 1என்4007 டையோடு (கரண்டை ஒரே பக்கம் மட்டும் விடுற சின்ன உதிரி), கோடு போட்ட பக்கம் பிளஸ்ல. இது இல்லாம ஒவ்வொரு தடவை அணையும்போதும் சுருள்ல எழும்புற மின்னழுத்தம் ரிலே முனைகளைத் தின்னுடும்.

குடமுருட்டி:
சரி, பணப்பெட்டி அறைக்கு ஸ்டிரைக். ஆனா ரெக்கார்டர் அறைக்குக் காந்தம் போதும். பொருத்துறவங்க வழக்கமா செய்யற தப்பு ஒண்ணு: கதவுல வர்ற இரும்புத் தகட்டை இறுக்கி முடுக்கிடுவாங்க. நடு போல்ட்டுல ரப்பர் வாஷர் வச்சு, கையால ஆட்டினா தகடு லேசா ஆடணும். அப்போதான் காந்தத்தோட முழுசா ஒட்டும். இடையில உமித்தூசி படிஞ்சாலே பிடிப்பு குறையும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீங்க, பூச்சு போய்த் துரு ஏறும். வாரம் ஒரு தடவை உலர்ந்த துணி.

அரசலாறு:
மாத்திரை அறையைப் பத்தி ரெண்டு பேரும் வாயே திறக்கலை. 3 கிராம் மாத்திரை ஒண்ணு ஈரம் பட்டா 1 கிராம் பாஸ்பீன் வாயு விடும். அது ஆளைக் கொல்றது மட்டும் இல்லை, செம்பையும் அரிக்கும். ரிலே முனை, சர்க்கியூட் தடம், வயர் நுனி எல்லாம் கறுத்துப்போகும். கன்ட்ரோலர் அறைக்குள்ளேங்கிற உங்க விதி அங்கே மட்டும் கவிழ்ந்துடும். அனுமதி பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டு ஆட்கள் தொடுற பொருள், புகை போடுற அன்னிக்குத்தான் கதவே திறக்கும். ரெண்டு பேர் தனித்தனியா வச்சிருக்கிற ரெண்டு சாவிப் பூட்டு, மேலே காத்தோட்டம், வெளியே எச்சரிக்கைப் பலகை. இதுக்கு எதுக்கு விரல்?

வெண்ணாறு:
அந்த அறைக்கு ஒத்துக்கிறேன். ரெண்டு சாவி.

குடமுருட்டி:
நானும். ஆனா அங்கேயும் நோட்டு கூடாது, கேமரா ஒண்ணு கதவைப் பார்த்து இருக்கட்டும்.

அரசலாறு:
கேமரா வைங்க, நோட்டும் இருக்கட்டும். எத்தனை மாத்திரை வெளியே போச்சு, எத்தனை திரும்பி வந்துச்சுன்னு கேமரா எண்ணாது. இன்னொண்ணு, 9 பேர் விரல்ரேகையும் தனிப்பட்ட தரவு. 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, எதுக்கு எடுக்கிறோம்னு எழுதிக் காட்டிச் சம்மதம் வாங்கிடுங்க. சாவி தொலைஞ்சா மாத்தலாம், ரேகையை மாத்த முடியாது.

வெட்டாறு:
அப்போ கேட்கப்போறது இது: மாத்திரை அறையை விலைப்புள்ளியில இருந்து எடுத்துடணும், பணப்பெட்டி அறைக்குக் காந்தத்துக்குப் பதில் ஸ்டிரைக், ரெண்டு அறையிலயும் கன்ட்ரோலர் உள்ளே. ரீடர்ல தேதியும் நேரமும் சரியா நிக்குமா? கரண்ட் போய் வந்தா 2000 ஜனவரி 1ன்னு காட்டுதுங்கிறாங்களே.

வெண்ணாறு:
உள்ளே இருக்கிற பொத்தான் பேட்டரி தீர்ந்தா அப்படித்தான். பெரும்பாலும் சிஆர்2032 தான், கடையிலயே கிடைக்கும். மாசம் ஒரு தடவை மணியைச் சரிபார்க்கிற வேலையை ஒருத்தர் பேர்ல போடுங்க. தேதி தப்பான பதிவை வச்சுக்கிட்டு யாரையும் கேள்வி கேட்க முடியாது.