அக்காவின் 555 நோட்டு

1962-இல் எனக்கு 11 வயது. பினாங்கு துறைமுகத் தொழிலாளர் குடியிருப்பில் இருந்தோம். அப்பாவின் வால்வு ரேடியோவில் மலாயா வானொலியின் தமிழ்ப் பகுதி மட்டும்தான் பாடும். சுவிட்சைப் போட்டதும் பேசாது. உள்ளே சூடேறி, பச்சைக் கண் மெல்ல ஒளிர்ந்த பிறகுதான் குரல் வரும். அப்பா இல்லாதபோது அதைத் தொடக்கூடாது.

ஆங்கிலப் பாட்டெல்லாம் எதிரே இருந்த சீனர் காப்பிக்கடையிலிருந்து வந்ததுதான். அங்கே ரெடிஃப்யூஷன் என்ற கம்பிவழி வானொலிப் பெட்டி இருந்தது. சந்தா கட்டினால் வீட்டுக்கே கம்பி இழுத்துக் கொடுப்பார்கள், அதனால் கரகரப்பே இருக்காது. கிளிஃப் ரிச்சர்ட், கான்னி பிரான்சிஸ், ஜிம் ரீவ்ஸ் எல்லாரும் சாயங்காலமானால் எங்கள் ஜன்னலுக்கு வந்துவிடுவார்கள். ஷேடோஸ் குழுவின் 'அப்பாச்சி'யில் பாட்டே கிடையாது, வெறும் கிட்டார்தான். அது எனக்கு உயிர்.

அக்காவுக்கோ கிளிஃப் ரிச்சர்டின் 'தி யங் ஒன்ஸ்'. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். மளிகைக் கடையில் கடன் கணக்கு எழுதுவார்களே, அந்த 555 நோட்டு ஒன்றை வாங்கி ஜன்னல் கட்டையில் வைத்திருந்தாள். பாட்டு வந்ததும், காதில் விழுந்ததை விழுந்தபடியே தமிழ் எழுத்தில் எழுதுவாள். பிடிபடாத இடத்தில் புள்ளி வைப்பாள். மறுபடி எப்போது போடுவார்களோ, அதுவரை காத்திருந்து இன்னும் இரண்டு புள்ளியை அழிப்பாள். தலைப்பையே 'தியெங்வன்ஸ்' என்று ஒரே சொல்லாக எழுதியிருந்தாள். அர்த்தம் யாரிடமும் கேட்கவில்லை, கேட்கத் தோன்றவும் இல்லை. அந்தப் பாடகர் நம் லக்னோவில் பிறந்தவர் என்பதுகூட ரொம்ப வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

அப்புறம் கல்யாணம், பிள்ளைகள். நோட்டு எந்த வீடு மாறும்போது தொலைந்ததோ.

போன மாதம் லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தைக்குப் போயிருந்தேன். என் வயதுள்ள ஒரு சீனர் தரையில் பாய் விரித்து 45 சுற்று இசைத்தட்டுகளை அடுக்கியிருந்தார். நான் ஒன்றை எடுத்துத் தூசி துடைப்பதைப் பார்த்தவர், "லாகு லாமா", பழைய பாட்டு, என்று மலாயில் சொல்லி அதை வாங்கிப் பக்கத்திலிருந்த சின்னப் பெட்டியில் சுழலவிட்டார். முதல் கிட்டார் ஒலியிலேயே எனக்குத் தொண்டை அடைத்தது. அவரும் சின்ன வயதில் காப்பிக்கடைப் பெட்டியில் கேட்டவராம். ஜெலுத்தோங்கில்.

ஆயர் ஈத்தாமில் இருக்கும் அக்காவுக்கு உடனே போன் போட்டேன். "பேசாதே, கேளு" என்று சொல்லி, கைப்பேசியைப் பெட்டியருகே பிடித்தேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு மெதுவாகப் பாட ஆரம்பித்தாள். அதே நோட்டு வரிகள், அதே தப்பான சொற்கள், ஒன்றுகூட மாறவில்லை. புள்ளி வைத்த இடம் வந்ததும் நிறுத்தினாள். அந்த ஒரு சொல்லை மட்டும் சீனர் குனிந்து போனுக்குள் பாடிக் கொடுத்தார்.

"தம்பி, யாருடா அது?" என்றாள் அக்கா.