பெரியப்பாவின் மூன்று மைல்

(குழு: வெண்ணாற்றங்கரை வீடு)

செல்வி அக்கா: அப்பா, இன்று ஸ்கூல் வேன் தெரு முனையிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டது. அங்கிருந்து நடக்க மாட்டேன் என்று உங்கள் பேரன் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டான்.

பெரியப்பா: நாங்கள் அக்கரை ஹைஸ்கூலுக்கு மூன்று மைல் நடந்தோம். போக மூன்று, வர மூன்று. காலில் செருப்பு கிடையாது.

நான்: ஆரம்பிச்சாச்சு 😀 போன தீபாவளிக்கு இது இரண்டரை மைலாக இருந்தது பெரியப்பா.

சித்தப்பா: வருஷத்துக்கு அரை மைல் ஏறும்.

நான்: மேப்பில் அளந்துவிட்டேன். நம் வீட்டு வாசலில் இருந்து பள்ளிக்கூட கேட் வரை 1.7 கிலோமீட்டர். ஒரு மைலுக்குக் கொஞ்சம்தான் அதிகம்.

பெரியப்பா: உன் மேப்புக்கு மேட்டூர் அணை தெரியுமா?

நான்: ???

பெரியப்பா: நீ அளந்தது இப்போதைய பாலத்தின் மேல். அப்போது அங்கே பாலம் ஏது? ஜனவரி 28க்கு மேட்டூரை மூடுவார்கள். மாசி பிறந்தால் வெண்ணாறு வெறும் மணல். கொல்லைப்புறம் இறங்கி, மணலைத் தாண்டி, அக்கரைப் படுகையில் ஏறினால் பள்ளிக்கூடம். அதுதான் உன் 1.7. ஜூன் 12 அணை திறந்து, கல்லணை தாண்டி நம் ஊருக்குத் தண்ணீர் வந்துவிட்டால் அந்த வழி போச்சு. மேற்கே ரெகுலேட்டர் பாலம் வரை கரையோடு போக வேண்டும். அதில் ஏறி அக்கரை போய், போன தூரமெல்லாம் கிழக்கே திரும்பி வர வேண்டும். இப்போது அளந்து பார்.

நான்: பள்ளிக்கூடமும் ஜூனில்தானே திறக்கும்?

பெரியப்பா: அதுதான் கொடுமை. தண்ணீரும் வாத்தியாரும் ஒரே மாதத்தில் வருவார்கள். குறுக்கு வழி கிடைப்பது முழுப் பரீட்சைக்கு முன்னால் இரண்டு மாதம்தான். அணை திறப்பு தள்ளிப்போன வருஷங்களில் குறுவை போச்சே என்று எங்கள் அப்பா திண்ணையில் சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பார். எங்களுக்குக் கொண்டாட்டம். வெளியே சொன்னால் அடி விழும்.

நான்: அளந்தாச்சு. பாலம் சுற்றினால் 4.9 கிலோமீட்டர். மூன்று மைல் சரிதான் 🙏

சித்தப்பா: அண்ணன் ருசியான பகுதியை விட்டுவிட்டார். தை அறுப்பு முடிந்தால் வரப்பு வேண்டாம், வயலுக்குள் குறுக்கே நடக்கலாம். சம்பா அறுப்பதற்குச் சில நாள் முன்னாலேயே, ஈரம் காயாத வயலில் உளுந்தும் பயறும் தெளித்துவிடுவார்கள். அறுத்த தாளுக்கு நடுவில் அது முளைத்துக் காய்க்கும். பச்சைப் பயற்றங்காயை டவுசர் பை நிறையப் பறித்துக்கொண்டு ஓடுவோம். காவலுக்கு இருப்பவர் துரத்தினால் ஆற்று மணலில் குதித்துவிட வேண்டியதுதான். அவர் படுகையோடு நின்று திட்டுவார். நாலு தலைமுறையையும் இழுப்பார்.

செல்வி அக்கா: மழைக்காலத்தில் என்ன செய்வீர்கள்?

சித்தப்பா: கொங்காணிதான். யூரியா சாக்கில் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் திணித்துத் தலையில் போட்டுக்கொள்வது. குடை வாத்தியாரிடம் மட்டும்தான் இருக்கும்.

பெரியப்பா: ஒன்பதாவது போனபின் சுற்றிப் போகும் பொறுமை எங்களுக்குப் போய்விட்டது. சட்டை, புத்தகம் எல்லாவற்றையும் துண்டில் சுற்றித் தலையில் கட்டிக்கொண்டு நீந்திவிடுவோம். தண்ணீர் கூடினால் வாழைமரத் தெப்பம். ஈர டவுசரோடு பெஞ்சில் உட்கார்ந்தால் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும்.

அத்தை: எல்லோரும் நன்றாக நீந்தினீர்கள். நான் எந்தக் கரையில் நின்றேன் என்று யாராவது சொல்கிறீர்களா அண்ணே?

நான்: சொல்லுங்க அத்தை.

அத்தை: இக்கரையில் எட்டாவது வரைதான் இருந்தது. 77 நவம்பரில் புயல் அடித்தபோது நான் எட்டாவது. அடுத்த ஜூனில் அக்கரையில் சேர வேண்டும். அண்ணன் அதற்குள் படிப்பை முடித்துவிட்டார், தம்பி சின்னப் பையன். "தண்ணீர் இல்லாத இரண்டு மாதம் போவாய். மற்ற மாதமெல்லாம் வயசுப் பெண்ணைக் கரையோடு தனியாக அனுப்பச் சொல்கிறாயா?" என்று கேட்டார் அப்பா. அதோடு முடிந்தது. என் வகுப்புப் பெண்களில் ஒருத்திதான் மேலே படித்தாள், அதுவும் தஞ்சாவூரில் மாமா வீட்டில் தங்கி.

பெரியப்பா: உண்மைதான்மா. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என்னோடு படித்த கீழத்தெருப் பையன்கள் நம் தெரு வழியாக வர முடியாது. வாய்க்கால் மேட்டோடு சுற்றித்தான் ஆற்றங்கரைக்கு வருவார்கள். எனக்கு மூன்று மைல் என்றால் அவர்களுக்கு அதற்கும் மேலே.

சித்தப்பா: என் காலத்திலும் அது முழுசாகப் போகவில்லை.

நான்: இந்தப் பாலம் எப்போது வந்தது அத்தை?

அத்தை: எனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளை பிறந்த பிறகு. திறந்த அன்று எல்லோருக்கும் கேசரி கொடுத்தார்கள். நான் வாங்கவில்லை.

செல்வி அக்கா: அத்தை, நான் ப்ளஸ் ஒன்னுக்கு அந்தப் பாலத்தில்தான் போனேன், இலவச சைக்கிளில். இதை நீங்கள் ஒருநாளும் என்னிடம் சொன்னதே இல்லை.

அத்தை: நீ கேட்கவில்லை. நீ பாலத்தில் ஏறுகிற வரைக்கும் நான் வாசலில் நின்று பார்ப்பேன். அது தெரியுமா உனக்கு?

செல்வி அக்கா: ❤️

நான்: பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன். பழைய குறுக்கு வழியில் ஒருமுறை நடக்கலாமா?

பெரியப்பா: பொங்கலுக்கு ஆற்றில் தண்ணீர் இருக்குமடா. மாசிக்கு மேல் வா.

அத்தை: பங்குனி வெயிலில் வரச் சொல்லுங்கள் அண்ணே. செருப்பில்லாமல் மணலில் நடந்தால்தான் தெரியும்.

சித்தப்பா: மணல் எங்கே இருக்கிறது அக்கா? நாணலும் சீமைக்கருவையும்தான் நிற்கின்றன. மணலெல்லாம் லாரியில் போய்விட்டது. யார் யார் அள்ளினார்கள் என்று நான் சொல்லட்டுமா?

செல்வி அக்கா: சித்தப்பா, அது மட்டும் இந்தக் குழுவில் வேண்டாம். போன தடவை பெரிய மாமா வெளியேறியவர் இன்னும் திரும்பச் சேரவில்லை.