ஸ்கூல் விழாவுக்கு வெஸ்டர்ன் டான்ஸ் பாட்டு சொல்லுங்க (24 பசங்க, 4 நிமிஷம்)

எட்டாம்கிளாஸ்_டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். ஸ்கூல் விழாவுல எங்க கிளாஸ் பசங்களோட வெஸ்டர்ன் டான்ஸ என் பொறுப்புல விட்டுட்டாங்க. நான் கணக்கு டீச்சர், டான்ஸ் முறையா கத்துக்கிட்டதில்ல, ஆனா பசங்க ஆசையா இருக்கறத பாத்தா நல்லா பண்ணிக் குடுக்கணும்னு தோணுது. மொத்தம் 24 பேர், அதுல ஏழெட்டு பேர் நல்லா ஆடுவாங்க, மத்தவங்க மேடையே ஏறினதில்ல. நமக்கு குடுத்திருக்க டைம் 4 நிமிஷம்.

பசங்கள பாட்டு சொல்லச் சொன்னா ரெண்டு பக்கத்துக்கு எழுதிக் குடுத்திருக்காங்க, பாதி நான் கேட்டதே இல்ல. நேத்து ஃபாரல் வில்லியம்ஸோட 'ஹாப்பி' போட்டு சும்மா ஆட விட்டேன், முதல்ல எல்லாரும் துள்ளிக் குதிச்சாங்க, ஒரு நிமிஷம் போனதும் கடைசி வரிசைல ஒரு பையன் கை தட்டுறத நிறுத்திட்டு பக்கத்துல ஆடறவன் காலையே பாத்துட்டு திருதிருன்னு முழிச்சுட்டு நின்னான். பீட்டு எங்க விழுதுன்னே அவனுக்கு பிடிபடல. அந்த முகம் இன்னும் கண்ணுலயே நிக்குது. 24 பேரும் ஆடற மாதிரி, கேக்கறவங்களும் எந்திரிச்சு கை தட்டுற மாதிரி என்ன பாட்டு எடுக்கலாம்?

எட்டுகவுண்ட்:
டீச்சர், அந்த பையன் மேல தப்பே இல்ல, பாட்டோட வேகம் அப்படி. 'ஹாப்பி' நிமிஷத்துக்கு சுமார் 160 பீட், அதாவது ஒரு எட்டு கவுண்ட் (டான்ஸ்ல ஸ்டெப்ப எட்டு எட்டு பீட்டா எண்ணுவோம், அதுல ஒண்ணு) 3 செகண்ட்ல ஓடிடும், புதுசா ஆடறவங்க கால மாத்தி வைக்கிறதுக்குள்ள அடுத்த எட்டு வந்து நிக்கும். மேடை ஏறாத பசங்களுக்கு 110ல இருந்து 120 வரைக்கும் இருக்க பாட்டுதான் சரி, கேக்கவும் குஷியா இருக்கும், காலும் கூடவே வரும்.

என் சாய்ஸ் மூணு. ஜஸ்டின் டிம்பர்லேக்கோட 'கான்ட் ஸ்டாப் த ஃபீலிங்' (2016), பிடிஎஸ்ஸோட 'டைனமைட்' (2020, கொரியா குழுதான் ஆனா பாட்டு முழுக்க இங்கிலீஷ்), அப்புறம் மார்க் ரான்சனும் புரூனோ மார்ஸும் பண்ண 'அப்டவுன் ஃபங்க்' (2014). ஏன் இந்த மூணுன்னா வேகம் 113, 114, 115னு ஒட்டி ஒட்டி இருக்கு. ஒட்டு போட்டு மெட்லி பண்ணா ஆடறவங்களுக்கு பாட்டு மாறினதே கால்ல தெரியாது. 100ல ஒரு பாட்டு, 160ல ஒரு பாட்டுன்னு ஒட்டினீங்கன்னா மாறுற இடத்துல பாதி பேர் தடுமாறுவாங்க, இத நான் நிறைய மேடைல பாத்துட்டேன்.

நீங்க கணக்கு டீச்சர் ஆச்சே, இது உங்களுக்கு ஈசி: 114 பீட் வேகத்துல 4 நிமிஷம்னா 456 பீட், எட்டால வகுத்தா 57 எட்டு. ஒரு நோட்டுல 57 வரி போட்டு எந்த எட்டுல யார் முன்னாடி வரணும்னு எழுதிடுங்க. பாட்ட வெட்டும்போது எட்டு முழுசா முடிஞ்ச இடத்துல வெட்டுங்க, அடுத்த பாட்டு 'ஒன்'ல, அதாவது எட்டோட முதல் பீட்டுல ஆரம்பிக்கணும். ஆடாசிட்டின்னு பாட்ட வெட்டி ஒட்டற சாஃப்ட்வேர் இருக்கு, ஃப்ரீதான், அதுல சேஞ்ச் டெம்போன்னு ஒண்ணு இருக்கு, சுருதி மாறாம ஒரு பீட் ரெண்டு பீட் ஏத்தி இறக்கி மூணையும் ஒரே வேகத்துக்கு கொண்டு வந்துடலாம்.

வரிபடிப்பவள்:
பாட்ட முடிவு பண்றதுக்கு முன்னாடி வரிய முழுசா ஒரு தடவ படிச்சுடுங்க மேடம், ப்ளீஸ். ஃபாஸ்டர் த பீப்பிளோட 'பம்ப்ட் அப் கிக்ஸ்' கேக்க விசிலோட ஜாலியா இருக்கும், ஆனா விஷயம் துப்பாக்கியோட மத்த பசங்கள சுட நினைக்கிற ஒரு பையனோட மனசு. அத ஸ்கூல் மேடைல போடவே கூடாது. 'மக்கரேனா'வ எல்லாரும் குழந்தைங்க பாட்டுன்னு நினைக்கிறோம், ஸ்பானிஷ் வரில காதலன் பட்டாளத்துல சேரும்போது ரெண்டு நண்பர்களோட போற பொண்ணோட கதைதான் இருக்கு. மேல சொன்ன 'அப்டவுன் ஃபங்க்'லயும் ரெண்டாவது வெர்ஸ் ஆரம்பத்துல மது பத்தி ஒரு வரி வரும், அதனால கோரஸும் ட்ரம்பெட் பிட்டும் மட்டும் எடுத்துக்கோங்க. பாட்டு ஆப்ல பாட்டு பேர் பக்கத்துல 'E'ன்னு சின்ன பெட்டி இருந்தா அது எக்ஸ்ப்ளிசிட் வெர்ஷன், பசங்களுக்கு ஆகாத வார்த்தை இருக்கும், தொடாதீங்க.

மூணாவதுவரிசை_அம்மா:
நான் பாட்டு சொல்ல வரல, ஒரு அனுபவம் சொல்றேன். போன வருஷம் என் பொண்ணு ஆடினப்ப பாட்ட யாரோ ஃபோன்ல ஆன்லைன்ல இருந்தே ஓட விட்டிருந்தாங்க, ஒரு பாட்டு முடிஞ்சு அடுத்த பாட்டு வரவேண்டிய இடத்துல ஷாம்பு விளம்பரம் வந்துடுச்சு. பசங்க கைய மேல தூக்கின போஸ்ல அப்படியே நிக்கறாங்க, விளம்பரம் ஓடிட்டே இருக்கு, என் பொண்ணு கை நடுங்கறது எனக்கு மூணாவது வரிசைல இருந்து தெரிஞ்சுது. வீட்டுக்கு வந்து ரொம்ப அழுதா. தயவு செஞ்சு ஃபைலா பென் டிரைவ்ல வைங்க, ரெண்டு பென் டிரைவ். அப்புறம் பிராக்டிஸுக்கு எந்த ஃபைலோ மேடைக்கும் அதே ஃபைல்தான். வீடியோ வெர்ஷன்ல முன்னாடி பின்னாடி சேத்திருப்பாங்க, எண்ணிக்கை மொத்தமா மாறிடும்.

பழையரெக்கார்டு:
எட்டுகவுண்ட் சார் சொன்னதுல எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் ஒப்புக்க முடியல. 'ஹாப்பி'ய விட்டுடாதீங்க, 160அ பாதியா எண்ணினா 80, நிதானமா பக்கவாட்டுல ஒரு ஸ்டெப் வச்சு சேத்தாலே அழகா இருக்கும். கடைசி அரை நிமிஷம் எல்லாரும் கை தட்டற மாதிரி முடிக்க அத விட நல்ல பாட்டு கிடையாது. எர்த் விண்ட் அண்ட் ஃபயரோட 'செப்டம்பர்' (1978) கூட கேட்டு பாருங்க, 126 பீட் பக்கம் வரும், பசங்களுக்கும் தெரியும், தாத்தா பாட்டிக்கும் தெரியும்.

அந்த பையன் விஷயம். வெஸ்டர்ன் பாப்புல நாலு நாலு பீட்டா எண்ணினா கைதட்டு பெரும்பாலும் ரெண்டுலயும் நாலுலயும் விழும், நம்ம பசங்க கை தானா ஒண்ணுலயும் மூணுலயும் போகும். எண்ண சொல்லாதீங்க, "பூம் டக் பூம் டக்"னு வாயால சொல்ல வைங்க, பூம்க்கு கால், டக்குக்கு கை. முதல்ல பாட்டே இல்லாம.

எட்டாம்கிளாஸ்_டீச்சர்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ விவரமா யாரும் சொல்வாங்கன்னு எதிர்பார்க்கல. 'கான்ட் ஸ்டாப் த ஃபீலிங்', 'டைனமைட்', நடுவுல 'அப்டவுன் ஃபங்க்' கோரஸ் மட்டும்னு முடிவு பண்ணிட்டேன். பழையரெக்கார்டு சார் மன்னிச்சுக்கோங்க, 'ஹாப்பி'ய எங்க பசங்க பாதியா எண்ணவே மாட்டேங்கறாங்க, பாட்டு போட்டதும் ஓட ஆரம்பிச்சுடறாங்க, அதனால அத வார்ம் அப்புக்கு வச்சுக்கிட்டேன். 57 வரி நோட்டு ரெடி. எட்டெட்டு பேரா மூணு குரூப், கோரஸ் வந்தா மட்டும் 24 பேரும் ஒண்ணா.

பூம் டக் இன்னிக்கு முயற்சி பண்ணேன். பாட்டு இல்லாம பத்து நிமிஷம், அந்த பையன் கண்ண மூடிட்டு தொடைல தட்டி தட்டி சொல்லிட்டு இருந்தான், அப்புறம் பாட்டு போட்டேன். முதல் கோரஸ்ல ரெண்டு தடவ விட்டான். ரெண்டாவது கோரஸ்ல கரெக்டா பிடிச்சுட்டு என்ன பாத்தான், டக்குல கை. நாளைக்கு அவன ரெண்டாவது வரிசைக்கு மாத்தப் போறேன்.