துணைநூற்பட்டியலில் ஒரு பென்சில் வட்டம்

(அடிக்குறிப்பு, கரையான், ஓலைச்சுவடி என்ற புனைபெயர்களில் மூவர் பேசிக்கொள்கிறார்கள்.)

அடிக்குறிப்பு:
வாய்மொழித் தேர்வு முடிந்து மூன்று ஆண்டுகள் ஆகியும் அந்த வட்டம் என் கண்ணை விட்டு அகலவில்லை. புறத்தேர்வாளர் துணைநூற்பட்டியலைத் திறந்து, 47ஆம் பதிவைப் பென்சிலால் சுழித்து, ஆய்வேட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். ஒரு சொல்லும் பேசவில்லை. முதலாம் ஆண்டிலேயே நான் பதிவிறக்கி வைத்திருந்த கட்டுரை அது. பிறகு அதை நம்பத்தகாதது என்று இதழே திரும்பப் பெற்றுவிட்டது. அறிவிப்பு இதழின் தளத்தில் இருந்தது. என் மடிக்கணினியில் கிடந்த பிடிஎஃப் கோப்புக்கு அது எப்படித் தெரியும்?

கரையான்:
நெறியாளர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதே என் முதல் கேள்வி. என் கதை வேறு. செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்று எனக்கு ஒரு மேற்கோளைத் தந்தது. ஆசிரியர் உண்மையானவர், இதழும் உண்மையானது. பக்கம் 211 முதல் 229 வரை என்றிருந்தது. நூலகத்தில் அந்த இதழை எடுத்துப் புரட்டினால், அது 180ஆம் பக்கத்திலேயே முடிந்துவிட்டது.

ஓலைச்சுவடி:
நெறியாளர் தலையில் பழியைப் போடுவது நியாயமன்று, கரையான். தட்டம்மைத் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்டு 1998இல் வெளியான கட்டுரையை தி லான்செட் இதழே 2010இல்தான் முழுமையாகத் திரும்பப் பெற்றது. அது வெளியான ஆண்டிலேயே அதைப் படித்த நெறியாளர் எதைக் கண்டுபிடித்திருப்பார்? நானும் ஒருமுறை விக்கிப்பீடியா வரியொன்றை நம்பி, அதற்குச் சான்றாகக் காட்டப்பட்டிருந்த செய்திக் கட்டுரையைத் தேடிப் போனேன். திருத்த வரலாற்றைப் பார்த்தபோதுதான், விக்கிப்பீடியாவில் அந்த வரி நுழைந்த பிறகே செய்தி எழுதப்பட்டது என்று தெரிந்தது.

யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் வாரத்தில் ஒவ்வொரு மேற்கோளின் டிஓஐ எண்ணையும் (கட்டுரைக்குரிய நிலையான இணைய அடையாளம்) மறுபடி திறந்து பாருங்கள். வேறு கட்டுரைக்குப் போனாலோ திறக்கவே மறுத்தாலோ அங்கேயே நின்று விசாரியுங்கள். திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளை ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளம் தொகுத்துவருகிறது. 2023இல் டிஓஐ எண்களைப் பதிவுசெய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பு அதை வாங்கி எல்லோருக்கும் திறந்துவிட்டது. அந்தத் தரவைக் கொண்டுதான், மேற்கோள்களைச் சேகரித்துவைக்கும் ஜோடெரோ மென்பொருள் உங்கள் சேகரிப்பில் உள்ளவற்றை எச்சரிக்கிறது. இணையப் பக்கத்தை மேற்கோள் காட்டினால், இணையப் பக்கங்களின் பழைய வடிவங்களைக் காத்துவைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் அன்றே அதைச் சேமித்து, பார்த்த தேதியையும் குறித்துவையுங்கள். பக்கம் மாறிய பிறகு ‘நான் பார்த்தபோது இருந்தது’ என்று எந்தத் தேர்வாளரிடமும் வாதிட முடியாது.

அடிக்குறிப்பு:
நேற்றிரவு என் பழைய பட்டியலை ஜோடெரோவில் ஏற்றிப் பார்த்தேன். 47ஆம் பதிவுக்கு எச்சரிக்கை வந்தது. 112ஆம் பதிவுக்கும் வந்தது. அதைத் தேர்வாளர் வட்டமிடவில்லை.