சமீபத்துல பார்த்த பேய்ப் படம் எது, நிஜமா பயந்தீங்களா?

ராத்திரிஷோ: நேத்து பிரமயுகம்ங்கிற மலையாளப் படத்தை ரெண்டாவது தடவை பார்த்தேன். முழுக்க கருப்பு வெள்ளை, அந்த பாழடைஞ்ச மனை, மழை, மம்முட்டி பல்லைக் காட்டி சிரிச்சுகிட்டே பகடை ஆட கூப்பிடுற சீன்... உடம்பு சிலிர்த்துருச்சுப்பா. இதே மாதிரி திடீர்னு கத்தி பயமுறுத்தாம மெதுவா ஏறுற படம் இருந்தா சொல்லுங்க.

மொட்டைமாடி: பிரமயுகம் டைரக்டர் ராகுல் சதாசிவனே 2022ல எடுத்த பூதகாலம் பாருங்க ப்ரோ. ரேவதி, ஷேன் நிகம், அம்மா பையன் கதை, முக்கால்வாசி படம் வரைக்கும் வீட்டுல பேய் இருக்கா இல்ல இவங்களுக்குத்தான் மனசு சரியில்லையான்னே புரியாது, கடைசி இருபது நிமிஷம் லைட்டை போட்டுட்டுதான் பார்த்தேன் 😅

சுண்டல்பாக்கெட்: எனக்கு பிரமயுகம் ஸ்லோதான், நடிப்பு ஓகே, பயம் வரல. தமிழ்ல 2017ல வந்த அவள் இதைவிட மேல். நம்மாளுங்க அப்புறம் ஏன் பேய்க்கு காமெடி ட்ராக் சேர்த்தே கெடுக்குறாங்க?

ராத்திரிஷோ: @சுண்டல்பாக்கெட் போன்ல பார்த்தீங்களா? ஹெட்போன் போட்டு பாருங்க, பாதி பயம் சவுண்ட்லதான். பூதகாலம் இன்னிக்கு நைட்டே.

மொட்டைமாடி: தனியா பார்க்காதீங்க.